கூமாவுக்கு வைத்த தண்ணீர்

ஜானெத்,
மே மாதம், காற்று ஓயாத ஒரு வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி கூமாவுக்கு,

அக்கா மென்னா எழுதுவது. அம்மாவும் நானும் ஆடுகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம்தான். கண்ணைத் திறந்தால் மணல், வாயைத் திறந்தால் மணல் என்று இருப்பதால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். நீ நலமாக இருந்தால் போதும்.

உன் கடிதத்தை மஷார் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். லாரி எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. "தண்ணி ஏத்தணும், மாவு ஏத்தணும் அக்கா. உங்க தம்பி கூட்டம் ஒட்டகத்தவிட மோசமா குடிக்குது" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனான். முகத்துணிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதிலேயே அவன் மெலிந்திருப்பது தெரிந்தது. அப்படியானால் நீயும் மெலிந்திருப்பாய்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சரளை புரண்ட இடத்தில்தான் தங்கத் துகள் கிடைக்கிறது, அதனால் காய்ந்த ஓடைக்குள்ளேயே கூடாரம் போட்டுவிட்டோம், கரை ஏறி இறங்கும் நேரம் மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். திரும்பப் படிக்கச் சொன்னாள். அடுத்த வரியையும் படித்தேன். இந்த ஓடையில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் பாறையில் மாடு வரைந்த பழைய ஜனங்கள் மட்டும்தான் என்று நீ எழுதிய வேடிக்கைக்கு நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும் என்று உத்தரவு. எழுதுகிறேன்: "வேல செய்யிறது ஓடையில செய். படுக்கிறது மட்டும் மேட்டுல படு. வானத்தப் பாத்துப் படுக்காத. மலையப் பாத்துப் படு."

உன் தலைக்கு மேல் வானம் சுத்தமாக இருக்கும்போதே எங்கோ மலையில் பெய்த மழை ஓடைவழியே வந்து சேரும். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ இங்கே பிறந்தவன். இருந்தாலும் அம்மாவுக்காக ஒரு நாளாவது கரையில் படு. பொய்யாகவாவது படுத்ததாக எழுது.

பள்ளியில் இந்த வாரம் எனக்கு நம் நாட்டின் தட்பவெப்பம் பாடம். புத்தகத்தில் நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். மனம் கேட்காமல் பிள்ளைகளை ஓவியப் பாறைக்கு அழைத்துப் போனேன். மாட்டு மந்தை, அதன் பின்னால் கையில் கோலோடு பெண்கள், கீழே நீர்யானை. இங்கே ஏரிகள் இருந்தன, மழை தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்துவிட்டது, இன்று முதல் இது பாலைவனம் என்று யாரும் ஒரு நாளும் அறிவிக்கவில்லை என்று சொன்னேன். அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று ஒருத்தி கேட்டாள். மாட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்குப் பின்னால் பலர் போனார்கள், சிலர் போகாமல் இருந்துவிட்டார்கள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப நாம எல்லாம் கெளம்பச் சோம்பல்பட்டவங்களோட பிள்ளைங்க, அப்படித்தானே டீச்சர்?" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் கிளம்பிப்போன உன்னையும் இங்கேயே இருந்துவிட்ட என்னையும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. காய்கறிக்கடை கூமா இன்னும் அதே மாதிரிதான், அழுகின வெங்காயத்தை அடியில் வைத்துக் கட்டுகிறார். தம்பியிடம் சொல்லுங்கள், அந்தப் பெயரை நான்தான் முதலில் வைத்துக்கொண்டேன், வெளியூரில் போய்க் கெடுக்க வேண்டாம் என்றார். அம்மா உடனே, உங்கள் பெயரை உங்கள் வெங்காயமே கெடுத்துவிட்டது என்றாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நம்மைப் பெற்று, இந்த வீட்டுக்குக் கூரை போட்டவரின் பெயர். செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று, அவர் போய் இத்தனை வருடமாக நாம் வாயால் சொல்லாத பெயரை வேலிக்கு அந்தப்பக்கம் நாளெல்லாம் கூப்பிடுவார்களே என்று பயந்தேன். அவர்களே வந்து, நம் வீட்டுக் காதில் விழும்படி அவனை "குட்டி" என்றுதான் அழைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அவர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மேட்டில் படு.

உன் அக்கா,
மென்னா.


ஜானெத்,
செப்டம்பர், மழைக்கு மூன்றாம் நாள்.

அன்புத் தம்பி கூமாவுக்கு,

இந்த முறை நலம் என்றே எழுதுகிறேன். மழை வந்துவிட்டது.

நான்கு வருடத்துக்குப் பிறகு வந்த மழையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் நாள் பகல் முழுக்கப் பீடபூமியின் தென்பக்கத்தில் கறுப்பாக நின்றது. மாலையில் இங்கே நாலு துளி விழுந்ததோடு சரி. எல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் பெய்துவிட்டது, நமக்கு வாசனை மட்டும்தான் என்று நன்னா அத்தை புலம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நம் ஓடையில் தண்ணீர் வந்தது. முதலில் சத்தம்தான், மாவு திரிக்கிற கல் மாதிரி. அப்புறம் நுரையும் குச்சியுமாக ஒரு நாக்கு நீண்டு வந்தது. ஊர் மொத்தமும் கரையில் நின்றது. தேநீர்க் கெண்டியும் கரியுமாக வந்து உட்கார்ந்து, மூன்று சுற்று முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கல்யாணத்துக்கு உடுத்தும் நீலத் துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். சாயம் முகத்திலும் கையிலும் ஏறி மின்னியது. "இந்த வயசுல யாரப் பாக்க இந்த அலங்காரம்?" என்று அத்தை கேட்டாள். "தண்ணியப் பாக்கத்தான். அது உன் அண்ணன்மாதிரி, எப்பவாவதுதான் வீட்டுக்கு வரும்" என்றாள் அம்மா. கரையே சிரித்தது. கூரை போட்டவரைப் பற்றி அம்மா சிரித்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்று.

வண்டல் தெளிந்த பிறகு ஒரு குடத்தில் மொண்டு வந்து, துணியால் வாயைக் கட்டி, உள்ளறை மூலையில் வைத்திருக்கிறாள். தொடக்கூடாது. "கூமா வந்ததும் இந்த மழத் தண்ணியிலதான் டீ போடணும்" என்கிறாள். அதற்குள் அதில் பூச்சி நீந்தும் என்றேன். பூச்சி குடித்து வளர்ந்தவர்கள்தான் நீங்கள் இரண்டு பேரும் என்றாள்.

மஷார் லாரி பழுது என்று பத்து நாளாக இங்கேயே கிடக்கிறான். நாளைக் காலை கிளம்புகிறான். பாதை கரைந்து போயிருக்கும், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்கிறான். அவனிடம் இந்தக் கடிதமும் தேயிலையும் கொஞ்சம் உலர்ந்த பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு உன் கடிதம் இல்லை. லாரி போகாததால் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பக்கமும் மழை பெய்ததா என்று எழுது.

உன் அக்கா,
மென்னா.


ஜானெத்,
அக்டோபர் கடைசி.

அன்புத் தம்பி கூமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். போன கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது, நான் மடித்தது மடித்தபடி. மஷார் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான்.

இந்த முறை எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தான். சொல்ல வந்ததை என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "ஓடைக்குள்ள மூணு கூடாரம் இருந்திச்சு அக்கா. மழ எங்கயோ மலையில பேஞ்சிருக்கு. அங்க ஒரு துளி விழல. ரெண்டு பேரு ஒடம்புதான் கெடச்சிது. ஓட போய் மணலுக்குள்ள மறையிற எடம்வரைக்கும் நான் வண்டிய ஓட்டிப் பாத்துட்டேன்." உன் பெயரை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மகனுக்குப் பேரு இல்லையா? கூமா. சொல்லிட்டுப் போ" என்றாள். மஷார் குனிந்துகொண்டே செருப்பைத் தேடினான்.

அவன் போன பிறகு பள்ளியிலிருந்து பெரிய வரைபடத்தை எடுத்து வந்தேன். பீடபூமியின் தெற்குச் சரிவில் விழும் தண்ணீர் எந்தெந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, எது எதோடு சேர்கிறது என்று விரலை வைத்துக்கொண்டே போனேன். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற அதே கறுப்பு மேகம். ஒரு பக்கம் இங்கே இறங்கியது, மறுபக்கம் உன்னிடம் இறங்கியது. நீல உடையும் தேநீரும் சிரிப்புமாக நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தது எந்த நேரம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு வரைபடத்தைச் சுருட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மூலையில் குடம் அப்படியே இருக்கிறது.

ஊர் மாறிவிட்டது, கூமா. மெதுவாகத்தான், யாரும் அறிவிக்காமல். "உங்க பையன்" என்கிறார்கள், "உங்க தம்பி" என்கிறார்கள். போன வருடத் திருவிழாவில் நீ வாள் பிடித்து ஆடிய இடத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் வரும்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள். அம்மாவும் விடுவதாக இல்லை. உடலைக் கண்ணால் பார்க்காத வரை ஒரு தாய் மகன் பெயரை விழுங்க வேண்டும் என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்கிறாள். தினமும் காய்கறிக்கடைக்குப் போகிறாள். தெருமுனையில் இருக்கும்போதே, "கூமா! ஏய் கூமா! வெங்காயம் இருக்கா?" என்று கத்துகிறாள். அடுக்களையில் வெங்காயம் முளைவிட்டுக் கிடக்கிறது. அந்த மனிதரும் பாவம், ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பதில் சொல்கிறார். இப்போதெல்லாம் நல்ல வெங்காயமாகக் கொடுக்கிறார்.

போன வாரம் அம்மா என்னிடம், பழையவர்களின் கல்லறைக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்றாள். தூரம் போன ஆண்களைப் பற்றிச் சேதி வராதபோது, அவர்கள் கனவில் வந்து சொல்வார்கள் என்று நம் பெண்கள் செய்வதுதான். நான்தான் அதைச் செய்வேன் என்று ஒரு நாளும் நினைத்திருக்கவில்லை. அவளுக்கு முழங்கால் வீங்கி மேட்டில் ஏற முடியவில்லை. நீ போ என்றாள். செத்தவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் சேதி எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ படிச்ச புத்தகம் எழுதினவனும் செத்தவன்தானே? அவன் சொன்னா நம்புற" என்றாள்.

நீலத் துணியை எனக்கு அவளே உடுத்திவிட்டாள், கண்ணுக்கு மை இட்டாள். போனேன். கறுப்புக் கல் மேட்டில் கிழக்கே வாய் வைத்த அந்த வட்டக் கல்லறை, நாம் சின்ன வயதில் அதன் ஓரமாக ஓடிப்போவோமே, அதுதான். உச்சி வெயில். கல்மேல் படுத்தேன். முதுகு சுட்டது. ஒரு ஓணான் வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குக் கீழே படுத்திருப்பவரிடம் மாடுகள் இருந்திருக்கும், அவர் ஏரியைப் பார்த்திருப்பார். அவர் பெயர் என்ன? இவ்வளவு பாறையில் இவ்வளவு வரைந்த ஜனங்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. செத்தவர்களின் பெயரை அவர்களும் சொல்லாமல் நிறுத்தியிருப்பார்களோ? கடைசியாக இருந்தவரின் பெயரையும் யாரோ ஒருவர் விழுங்கியிருப்பார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். கனவு ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். முக்காடு நழுவாமல் இருக்க நுனியில் கட்டியிருக்கும் சாவி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. "இரும்போடயா போனே?" என்றாள். இரும்பு இருக்கும் இடத்துக்குச் செத்தவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். குழந்தையின் தலைமாட்டில் கத்தி வைப்பது அதற்குத்தானே. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா அந்தச் சாவியைத் தன் கையாலேயே அவிழ்த்து எடுத்தாள். பிறகு, தன் முழங்கால் சரியாகட்டும் என்றாள்.

கூமா, நீ எங்காவது ஒரு கிணற்றடியில் காய்ச்சலில் படுத்திருந்தால், எல்லை தாண்டி எவன் லாரியிலோ ஏறிப் போயிருந்தால், எங்கள்மேல் கோபமாக இருந்தால்கூடச் சரி, அந்த முழங்கால் ஆறுவதற்குள் ஒரு வரி அனுப்பிவிடு.

உன் அக்கா,
மென்னா.


ஜானெத்,
டிசம்பர்.

அன்புத் தம்பிக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. அம்மா நலமாக இருக்கிறாள். ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பிழைத்தன.

அம்மா போய்வந்தாள். முழங்கால் முழுதாக ஆறவில்லை, ஆனால் அதற்குமேல் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். மேட்டின் அடிவரைக்கும் மஷார் லாரியில் கொண்டுவிட்டான். அங்கிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். காது வளையத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தாள், வெள்ளிதான், இருந்தாலும் உள்ளே என்ன கலந்திருக்குமோ என்று. என்னைத் தூரமாகப் போய் உட்காரச் சொன்னாள். நான் பாறை மறைவில் உட்கார்ந்து, கொண்டுபோன புத்தகத்தை விரித்து, ஒரு பக்கத்தையும் திருப்பாமல் இருந்தேன். நீலத் துணி கல்லின்மேல் அசையாமல் கிடந்தது. நிழல் மறுபக்கம் சாய்ந்த பிறகு அவளே எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டாள்.

இறங்கும்போது, இந்த வருடம் பேரீச்சங்காய் சின்னதாகப் போனதற்கு மழை காலம் தவறிப் பெய்ததுதான் காரணம் என்றாள். லாரியில் மஷாரிடம் அவன் தாயின் பல்வலி பற்றி விசாரித்தாள். வாசலில் இறங்கும்போது அவன் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அடுப்பு மூட்டி, சாம்பலை விலக்கி, தகெல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா உள்ளறை வாசல்வரை போய்க் குடத்தைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, பாத்திரத்தை நகர்த்தி வைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள். "அவனுக்குன்னு வச்ச தண்ணிய ஆடுங்களுக்கு ஊத்திடு."

அவனுக்கு என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டுப் போய்க் குடத்தைத் தூக்கினேன். துணியை அவிழ்த்தபோது உள்ளே தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, பூச்சி எதுவும் இல்லை. ஆடுகள் முழுவதையும் குடித்தன. வரைபடத்தில் நான் கண்டதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைக்கிறேன். ஓடைகளோடு வாழ்ந்தவள் அவள்.

மறுநாள் வெங்காயம் வாங்க என்னை அனுப்பினாள். கடைக்கு எதிரில் போய் நின்றேன். கடைக்காரர் உள்ளே மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்தார், கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவராகவே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இனிமே உங்க வீட்டுல என்ன வெங்காயக்காரன்னு கூப்பிடுங்கம்மா. அந்தப் பேர உங்க தம்பிதான் நல்லா வச்சிருந்தான். அவனே வச்சிக்கட்டும்." பையில் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார்.

ஊரில் எல்லோரும் வந்துவிட்டுப் போனார்கள். நன்னா அத்தை மூன்று நாள் நம் வீட்டிலேயே இருந்தாள். ஒரு கேலிகூடப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பள்ளிக்குப் போகிறேன். பாடம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது.

என் மேஜையில் இப்போது இரண்டு கடிதங்கள். இதை எழுதி அவற்றோடு வைக்கப் போகிறேன். மஷார் கொண்டுபோகிறேன் என்று சொன்னான். ஓடை மணலுக்குள் மறையும் இடத்தில் வைத்துவிட்டு வருகிறானாம். வேண்டாம் என்றுவிட்டேன். கடிதத்தைப் படிக்கிற ஆள் நான் இங்கே இருக்கிறேன், கடிதமும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார். எழுதப் பழகிய நாளிலிருந்து முதல்முறையாக அது இல்லாமல் உனக்கு எழுதியிருக்கிறேன். அம்மா சொல்லாததை நான் எழுதக்கூடாது என்று கை நின்றுவிட்டது. உனக்குக் கோபம் வரும். வரட்டும். வந்து வாசலில் நின்று, என் பேர் எங்கே என்று என்னோடு சண்டை போடு. தெருவே கேட்கும்படி கத்து. நான் எழுதி எழுதி, கை ஓயும்வரை எழுதித் தருகிறேன்.

வர முடியாவிட்டால், நீ படுத்திருக்கும் இடம் மேடாக இருக்கட்டும்.

உன் அக்கா.